தண்ணீருக்கு விட்ட இடம்

ஓர் ஆற்றை முகத்துக்கு முகம் பார்த்துப் பேசி, வந்த வழியே திருப்பி அனுப்பிவைத்த மனிதர் இந்த லண்டன் மாநகரத்தில் ஒரேயொருவர்தான் இருக்கிறார். மோர்டனில் இருக்கிறார். கனகலிங்கம் என்று பெயர். கேட்டால் அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

“பின்வளவு வாய்க்கால் வேலியைத் தாண்டி, புல்லைத் தாண்டி, குசினிப் படியில வந்து நிண்டது. நான் சப்பாத்துக்கூடப் போடேல்லை. கதவைத் திறந்தன். ‘இண்டைக்கு வசதியில்லை, போய் இன்னொரு நாளைக்கு வாரும்’ எண்டு மரியாதையாய் ஒரு சொல்லுத்தான் சொன்னன். முதுகு காட்டாமல் அப்பிடியே பின்னுக்குப் போச்சுது. அரச சபையில மந்திரிமார் போறமாதிரி.”

கோயில் அன்னதானத்தில் இதை அவர் முதன்முதலாகச் சொன்ன நாள் எழுந்த சிரிப்பில் இலையிலிருந்த அப்பளங்கள் தாமாகவே நொறுங்கின. ஆனால் ஒரே புளுகை ஒரே முகத்தோடு ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தால் சனம் என்ன செய்யும்? களைத்துப்போய் நம்பிவிடும். மோர்டனும் நம்பிவிட்டது. மசியாமல் நின்றது ஒரேயொரு ஆள்தான். அவருடைய மனைவி சிவமலர்.

“மழை விட்டது, தண்ணி வத்தினது,” என்பாள் அவள், பாயசத்தைக் கலக்கியபடி. “இவர் சொல்லி எங்கட வீட்டில பூனைகூட வெளியில போறேல்லை.”

அதற்கு அடுத்த மாரியில்தான், புதிதாகக் கட்டிய அறையில், ஒரு குவளை சரியில்லாமல் போனது.

சிவமலரின் கட்டிலருகே அவர் எப்போதும் பாதிக் குவளை தண்ணீர்தான் வைப்பார். நிறைய வைத்தால் அவளுடைய கைநடுக்கத்தில் மருந்துக் குளிசையோடு சேர்ந்து போர்வையும் குளிக்கும். காலையில் எடுக்கப் போனபோது குவளை நிறைந்திருந்தது. விளிம்போடு நிற்கவில்லை. விளிம்புக்கும் மேலே, ஒரு நெல்மணி உயரத்துக்குக் குவிந்து, அசையாமல், சிந்தாமல் நின்றது.

“நீர் எழும்பிப்போய் நிரப்பினனீரோ?”

“என்ர காலோட நான் குசினிக்குப் போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வாறனாம்! நீங்கள்தான் நித்திரைக் கண்ணில நிரப்பியிருப்பியள்.”

அவர் குவளையைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். தண்ணீரோடு ஒரு சின்னப் பாசித் துண்டும் விழுந்தது.

அந்த அறை சும்மா வந்த அறையல்ல. சிவமலரின் முழங்கால்கள் இரண்டும் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அவளோடு ஒத்துப்போக மறுத்தன. படுக்கை மாடியில். ஒவ்வொரு படியிலும் அவள் நின்று, கைபிடியைப் பற்றிக்கொண்டு, சத்தம் வராமல் அழுவாள். அவர் கீழே நின்று, கேட்காததுபோல நடிப்பார். பின்வளவில் ஒரு படுக்கையறை, படி இல்லாத அறை, அவ்வளவுதான் அவர் கேட்டது. கவுன்சில் முடியாது என்றது. வாய்க்கால் அவர்களுடைய வரைபடத்தில் ஆறாம். கோடையில் அதில் ஒரு வாத்து குளித்தால் மற்ற வாத்து வரிசையில் காத்துநிற்க வேண்டும், அப்படிப்பட்ட ஆறு. அது பெருகினால் வந்து நிற்கிற நிலத்தில்தான் அவருடைய பின்வளவு இருக்கிறது, ஆகவே நிலமட்டத்தில் யாரும் படுத்துறங்கும்படி கட்டக்கூடாது என்றார்கள். அவர் மறுபடி விண்ணப்பித்தார். வெள்ள ஆபத்து அறிக்கை கேட்டார்கள். கொடுத்தார். அந்த அறிக்கையைப் பற்றி ஓர் அறிக்கை கேட்டார்கள். அதையும் கொடுத்தார். போன காகிதத்தையும் வந்த காகிதத்தையும் வேலியோரம் அடுக்கியிருந்தால் எந்த வெள்ளமும் எட்டிப் பார்த்திருக்காது. தொலைபேசியில் காத்திருக்கும்போது போடுகிற பாட்டை அவர் குளிக்கும்போதும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்.

கடைசியில் வந்தவள் வான்மதி. ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே வேலையில் அமர்ந்த மலேசியப் பெண். கவுன்சிலில் வெள்ளம் சம்பந்தமான கட்டட விதிகளைப் பார்ப்பவள். ரப்பர் சப்பாத்தோடு வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிவமலர் கொடுத்த வடையைக் கடித்தபடி ஒரு வழி சொன்னாள்.

“தரைய உயர்த்திக் கட்டுங்க அங்கிள். ஆன்ட்டிக்கு வீட்டுக்குள்ளேருந்து ஒரு சரிவு போட்டுருவோம். ஆனா தரைக்கு அடியில மண்ணு போடக்கூடாது. காலியா விடணும். சுத்திலும் கம்பி போட்ட வாய் வைங்க. தண்ணி வந்தா உள்ள போயி நிக்கும், வடிஞ்சா போயிரும்.”

“தண்ணிக்கு வீட்டுக்குக் கீழ ஒரு அறை கட்டிக் குடுக்கச் சொல்லுறீர்.”

“ஆமா. அது நிக்கிற எடத்துலதானே நீங்க கட்டுறீங்க? எடுத்த எடத்தத் திருப்பிக் குடுக்கணும் லா.”

“பிள்ளை, அந்தத் தண்ணி என்ர சொல்லுக் கேக்கும். உமக்குத் தெரியாதோ கதை?”

“தொடங்கிட்டார்,” என்றாள் சிவமலர்.

கட்டியவன் செபமாலைமுத்து. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரன், லண்டனில் பாதித் தமிழருக்குக் குசினி பெருப்பித்துக் கொடுத்தவன், எதையும் கிண்டலோடுதான் பூசுவான். வான்மதி சொன்னபடியே கட்டினான். அவள் வந்து குனிந்து, நாலு பக்க வாய்களுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பிறகு கனகலிங்கம் அறையில் நடந்து பார்த்தார். தளம் மத்தளம்போல முழங்கியது. கீழிருந்து குளிர் ஏறி உள்ளங்காலைக் கடித்தது. சிவமலர் இதிலா நடப்பது?

“அண்ணை, அடியில பொள்ளல் விட்டுக் கட்டினால் அது வீடில்லை, பாலம்,” என்றான் செபமாலைமுத்து. “எங்கட அப்பர் கண்டால் மண்வெட்டிப் பிடியால என்னை வெளுத்திருப்பார்.”

அது அவருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் பிறந்த மண்ணில் அத்திவாரத்துக்குள் மண் கொட்டி, தண்ணீர் அடித்து, இடித்து இறுக்கி, அந்த மேட்டின்மேல்தான் தரை போடுவார்கள். உயர்ந்த மண்ணில் நிற்பதுதான் வீடு. வெறுமையின்மேல் பலகை விரித்து மனைவியைப் படுக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை. இருவருமாகத் தளப்பலகைகள் சிலவற்றைக் கழற்றி, அத்திவாரம் வெட்டிய மண்ணையே திரும்பக் கொட்டி, ஓஸ் பைப்பால் அடித்து, இடித்து, ஓர் எலிக்குஞ்சுகூட நுழைய இடமில்லாமல் இறுக்கினார்கள். வாய்களை உள்ளிருந்து கல் வைத்து அடைத்தார்கள். வெளியே கம்பிகள் மட்டும் அப்படியே.

“வெளியால பாத்தால் அந்தப் பிள்ளைக்கும் விளங்காது, அரசருக்கும் விளங்காது,” என்றான் செபமாலைமுத்து.

பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். சிவமலர் படி ஏறாமல் படுக்கப்போன முதல் இரவு அவர் மாடியில் தனியே கிடந்து, வென்ற மனிதரைப்போலக் குறட்டை விட்டார்.

பிறகு மழை. இடைவிடாமல், கோபமும் இல்லாமல், யாரோ வேலை நேரத்துக்குப் பெய்வதுபோலப் பெய்த சாம்பல் மழை. குவளை தினமும் நிறைந்தது. அவர் கால் குவளை வைத்துப் பார்த்தார், வெறுமையாக வைத்துப் பார்த்தார், வைக்காமலே விட்டுப் பார்த்தார். வைக்காத நாளில் சிவமலரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் தண்ணீர் நின்றது. அறையில் ஒரு மணம் வந்தது. ஈரச் சுவரின் மணமல்ல. நனைந்த கல், அழுகிய இலை, குளிர்ந்த இரும்பு. எங்கேயோ பிடிபட்ட மணம். குசினிக் கதவைத் திறந்த அந்த நாளின் மணம் அது என்று நினைவு வந்தபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த தட்டை மெதுவாக வைத்தார்.

சுவர்க்கடதாசியில் முழங்கால் உயரத்தில் ஒரு மண்ணிறக் கோடு தெரிந்தது. மட்டம் வைத்து இழுத்ததுபோன்ற கோடு. தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. அடுத்த கிழமை அது லைட் சுவிச்சின் உயரத்தில் இருந்தது.

செபமாலைமுத்து ஈரம் அளக்கும் கருவியோடு வந்தான். சுவரில் குத்தினான், மூலையில் குத்தினான், தளத்தில் குத்தினான்.

“அண்ணை, காய்ஞ்ச கருவாடு. இந்த வீட்டில ஈரமாய் இருக்கிறது உங்கட வாய் மட்டுந்தான்.”

“கோட்டைப் பார் மோனை!”

“எந்தக் கோடு?”

கனகலிங்கம் கோட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். செபமாலைமுத்து விரலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், சிவமலரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஆனால் அறையை விட்டுச் சரிவுக்கு வந்ததும், தானறியாமல், வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தான். கேணியில் மூழ்கி எழுந்தவன் இழுக்கிற மூச்சு. அதை அவன் கவனிக்கவில்லை. கனகலிங்கம் கவனித்தார்.

கருவிக்குத் தெரியவில்லை. கட்டியவனுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக ஊரெல்லாம் நம்பவைத்த வாய்க்கு இப்போது ஒரு சுவர்க்கோட்டை நம்பவைக்க முடியவில்லை. அவருக்கு எரிச்சலில் அழுகை வந்தது.

சிவமலருக்கோ அந்த அறை சொர்க்கமாக இருந்தது. ஊன்றி நடக்கிற பொல்லை மூலையில் சாத்திவிட்டாள். கட்டிலிலிருந்து அலுமாரிக்கும் அலுமாரியிலிருந்து யன்னலுக்கும் நடந்தாள். அவசரமில்லாமல், அடி வைத்து, அடி எடுப்பதற்குள் ஒரு கணம் நின்று, நடந்தாள்.

“நோவே இல்லையப்பா. இந்த அறைக்குள்ள வந்தால் எனக்குப் பாரமே இல்லை.”

அவள் நடந்த இடத்தில் தளம் சத்தமே போடவில்லை. அவர் அவளுடைய பாதங்களைப் பார்த்தார். செருப்புக்கும் தரைவிரிப்புக்கும் நடுவே மெல்லிய ஒரு கீற்று இருந்தது. வெளிச்சம் நுழைகிற அளவு.

“இஞ்ச பாரும், கொஞ்ச நாளைக்கு மேல வந்து படும்.”

“விசரே உங்களுக்கு? இவ்வளவு காலம் கவுன்சிலோட மல்லுக்கட்டிக் கட்டித் தந்திட்டு, இப்ப மேல ஏறு எண்டால் என்ர காலுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

“அறை சரியில்லை.”

“அறை நல்லாய்த்தான் இருக்கு. நீங்கள்தான் சரியில்லை.” அவள் படுத்தாள். தலையணையில் கிடந்த பின்னல் மெதுவாக எழுந்தது. நுனி ஒரு பக்கம் சாய்ந்து அசைந்தது. யன்னல் சீலையும் அதே பக்கம் அசைந்தது. யன்னல் பூட்டியிருந்தது. வாய்க்கால் ஓடுகிற திசை அது.

அவர் வான்மதிக்கு அழைத்தார். அந்தப் பாட்டை முழுதாக மூன்று தரம் கேட்டபிறகு அவள் குரல் வந்தது.

“பிள்ளை, ஒரு சந்தேகம். தண்ணி வந்து, நிக்கிறதுக்கு இடம் இல்லாட்டி என்ன செய்யும்?”

“வேற எங்கயாவது எடுத்துக்கும் அங்கிள். இங்க எவ்வளவு கொறஞ்சதோ, அதே அளவு அங்க ஏறும். பக்கத்து வீட்டுல, ரோட்டுல. அதுக்கு எடம் வேணும், அவ்வளவுதான்.” பிறகு கேட்டாள். “உங்க அடித்தளம் காலியாத்தானே இருக்கு?”

“ஓம். ஓம்.”

“அப்ப என்ன பயம்? வந்துட்டுப் போகட்டும்.”

அவர் தொலைபேசியை வைத்தார். அறையின் நீளத்தையும் அகலத்தையும் மனத்துக்குள் பார்த்தார். கீழே எவ்வளவு நீளமோ மேலேயும் அவ்வளவு நீளம். கீழே எவ்வளவு அகலமோ மேலேயும் அவ்வளவு அகலம்.

கல் பெயர்க்கும் அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். பின்னேரம்தான், ஆனால் மார்கழியில் மோர்டனில் பின்னேரம் என்று ஒன்று கிடையாது, பகல் முடிந்த கையோடு யாரோ சுவிச்சை அணைத்துவிடுவார்கள். தூறல் காதுக்குள் விழுந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். புல்லில் முழங்காலூன்றி, கம்பியைப் பிடுங்கி, உள்ளே இருந்த கல்லில் அலவாங்கை இறக்கினார். இடத்தைக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றையும் தோண்டி எடுத்துக் கொடுத்துவிடலாம். சேறு வழியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல் விழுந்தது. மண் கொட்டியது. தூள்.

அவர் கையால் அள்ளினார். இத்தனை நாள் மழையில், இத்தனை தண்ணீர் அடித்து இறுக்கிய மண், கோடைப் புழுதிபோல விரல்களுக்கிடையே ஓடியது. தூறல் அதன்மேல் விழுந்தது. விழுந்த துளி நனைக்காமல் உருண்டு போனது. சுவர் ஓரமாக, மேல்நோக்கி.

அப்போதுதான் ஒரு சத்தம் இல்லாததைக் கேட்டார்.

வாய்க்கால்.

எழுந்து வேலிக்குப் போனார். பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கல் கிடந்தது. ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி கிடந்தது. சிறுபிள்ளையின் சப்பாத்து ஒன்று. வெளிறிய கல், காய்ந்த பாசி, வெடித்த சேறு. மேலிருந்து கீழ்வரை, தெருவிளக்கு எட்டிய தூரம்வரை, ஒரு சொட்டு இல்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. ஆறு அதன் இடத்தில் இல்லை.

அவர் தான் சொன்ன புளுகை நினைத்தார். மந்திரிமார் புளுகு. முதுகு காட்டாதது புளுகு. ஆனால் ‘இன்னொரு நாளைக்கு வாரும்’ என்று சொன்னது புளுகல்ல. படியில் நின்ற தண்ணீரைப் பார்த்து, யாருமில்லாத குசினியில், வேடிக்கையாக, உண்மையாகவே சொன்னார். வாசலுக்கு வந்தவரைப் ‘போ’ என்று சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. அவருடைய ஆட்கள் யாருக்குமே இல்லை. போய் வாரும் என்றுதான் சொல்லுவார்கள்.

அன்று அது போயிருந்தது. வர வேண்டியதுதான் பாக்கி.

குசினி வழியாக உள்ளே ஓடினார்.

“சிவமலர்?”

தொலைக்காட்சிச் சத்தம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும் இல்லை. சரிவின் முடிவில் கதவு மூடியிருந்தது. கீழ் இடுக்கில் வெளிச்சம். மண்ணிற வெளிச்சம். தளும்பியது.

தரை காய்ந்திருந்தது. கைபிடி காய்ந்திருந்தது. திருகினார். தள்ளினார். கதவு மெதுவாகப் போனது. குளத்துக்குள் பலகையைத் தள்ளுவதுபோல. மெதுவாக. இன்னும் மெதுவாக.

நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். இப்போது பாயும். இப்போது.

பாயவில்லை.

கண்ணைத் திறந்தார்.

வாசலில் அது நின்றது. நிலைப்படியிலிருந்து முகடுவரை. நேராக. கண்ணாடிபோல. ஒரு துளி இந்தப் பக்கம் வரவில்லை. அழைக்காமல் உள்ளே வராத மரியாதையோடு நின்றது. குசினிப் படியில் அன்றைக்கு நின்ற அதே நிறம்.

உள்ளே விளக்கு எரிந்தது. குவளை கவிழ்ந்து மிதந்தது. பொல்லு மிதந்தது. ஒரு வாத்தின் இறகு, மெதுவாகச் சுற்றிச் சுற்றி, முகட்டைத் தொட்டது.

சிவமலர் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். பின்னல் அவிழ்ந்து மேலே நின்றது. சட்டை பூப்போல விரிந்திருந்தது. கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். நோவில்லாத கால்கள்.

அவளுக்குப் பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. ஒருவர் இருந்தால் அமுங்குகிற அளவு. கனமான ஒருவர். அங்கே யாரும் இல்லை. தண்ணீர்தான். அந்த இடத்தில் மட்டும் இன்னும் இருண்ட தண்ணீர்.

அவள் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். விருந்தாளி சொல்வதைக் கேட்கிற முகம். தலையாட்டினாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவரைக் கண்டதும் சிரித்தாள். வாய் திறந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

குரல் வந்தது. தெளிவாக. அவருடைய காலடியில், தரைக்குக் கீழிருந்து.

“ஓமப்பா, நடந்ததுதான். வாரும் எண்டு நீங்கள் சொன்னது உண்மைதானாம். இவர் சொல்லுறார்.”